சோர்ந்த டி செல் ஏன் பழையபடி ஆகவில்லை?

கேள்வி: டீச்சர், என் அண்ணனுக்கு நுரையீரல் புற்றுநோய். உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசி போட்டதும் நன்றாகத் தேறினார். ஏழெட்டு மாதத்தில் பலன் குறைந்துவிட்டது. நோயை எதிர்த்துப் போராடும் வெள்ளை அணுக்களான டி செல்கள் சோர்ந்துபோயிருக்கலாம் என்றார் டாக்டர். எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே? தூண்டிவிட்டும் ஏன் பழையபடி ஆகவில்லை?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, படித்ததும் உங்கள் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது கொஞ்சம் தெம்பாக இருக்கிறாரா?

ஒரே டிஎன்ஏ என்பது ஏறக்குறைய சரி. (டி செல்லும், ஆன்டிபாடி சுரக்கும் பி செல்லும் மட்டும் கிருமியை அடையாளம் காணும் மரபணுக்களைத் தாமே வெட்டி ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி மரபணுக்களில் இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஆனால் அந்த டிஎன்ஏவில் எது கைக்கு எட்டுகிறதோ, அதுதான் செல்லின் தலையெழுத்து.

என் அப்பாவுக்கு பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை. முன்னால் பிரித்துப் போட்ட சேலை அன்றே விற்கும். சுவரோர மேல்தட்டில் கயிறு கட்டிய மூட்டை தீபாவளிக்குத்தான் இறங்கும். டிஎன்ஏவும் அப்படித்தான். 2 மீட்டர் நூல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத உட்கருவுக்குள் அடங்கவேண்டும். அதனால் ஒவ்வொரு ஹிஸ்டோன் புரத உருண்டையையும் 147 எழுத்து நீள டிஎன்ஏ சுற்றியிருக்கும். இந்தக் கட்டுக்குப் பெயர் குரோமாட்டின். கட்டு இறுகிய இடத்து மரபணு மேல்தட்டு மூட்டை மாதிரி, எளிதில் கைக்கு எட்டாது.

டி செல் பிறக்கும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. நான் ஆறாம் படிவத்துக்குப் பாடம் எடுத்த காலத்தில் இது பாடநூலில் இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு வரும் இளம் செல்லுக்கு இன்னும் பல வழிகள் திறந்திருக்கின்றன. 'இனி டி செல்தான்' என்று முடிவாக்கும் மரபணு பிசிஎல்11பி. அதை முடுக்கிவிடும் டிஎன்ஏ துண்டோ எங்கோ தள்ளி, உட்கருவின் சுவரோரம் ஒட்டிக் கிடக்கிறது. அங்கே தைமோடி என்றொரு ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவின் நகல், படியெடுக்கப்படுகிறது. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. படியெடுக்கும் அந்த வேலையே துண்டைச் சுவரிலிருந்து நடுவுக்கு இழுத்துவந்துவிடுகிறது! டிஎன்ஏ வளையமாக மடிகிறது, முடுக்கியும் மரபணுவும் பக்கத்தில் வருகின்றன. அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆய்வாளர் கார்னெலிஸ் முர்ரேயின் குழு 2017-இல் எலிகளில் கண்டது இது. தைமோடி தடைபட்ட எலிகளுக்கு நிணநீர்ச் செல் புற்றுநோய் வந்தது.

சரி, அண்ணனுக்கு வருவோம். மாதக்கணக்கில் ஒரே எதிரியோடு மல்லுக்கட்டும் டி செல்லில் குரோமாட்டின் கட்டு மாறிவிடும். திறந்திருந்த சில பகுதிகள் மூடிக்கொள்ளும், பிடி-1 என்ற பிரேக்கின் மரபணு திறந்தே கிடக்கும். இந்த ஊசிகளில் பல அந்த பிரேக்கைத்தான் தடுக்கின்றன. செல் எழுந்து வேலை செய்கிறது. ஆனால் 2016-இல் எலிகளில் ஆராய்ந்தபோது, மருந்துக்குப் பிறகும் குரோமாட்டின் கட்டு பெரிதாக மாறவில்லை. கொஞ்ச நாளில் செல்கள் மறுபடி சோர்ந்துவிட்டன.

இங்கிருந்துகொண்டு அண்ணனுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லக்கூடாது. புற்றுச் செல்லே தன் அடையாளத்தை மறைத்துக்கொள்வதும் உண்டு. மறுபடி பயாப்ஸி எடுத்துப் பார்ப்பதால் பயன் உண்டா, வேறு மருந்தைச் சேர்க்கமுடியுமா என்று அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் கேளுங்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள், புரியாததை எனக்கு அனுப்புங்கள்.