காலை 8.30க்கு மழையை அளப்பவர்

(இந்த இதழில் மலையோர வாசகர்களின் மழைக்காலக் கேள்விகள். பதில் அளிப்பவர், இடுக்கி மாவட்ட வில்லேஜ் ஆபீஸ்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: ஒவ்வொரு ஜூலையிலும் ஆரஞ்சு அலர்ட் என்கிறார்கள். பயந்து பயந்து உட்கார்ந்திருப்போம், ஒன்றும் நடக்காது. இப்போது எங்கள் லயத்தில் (எஸ்டேட் வரிசை வீடுகளில்) யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த எச்சரிக்கையை நம்பலாமா ஐயா?
– கொழுந்து பறிக்கும் தொழிலாளி, மூணாறு

பதில்: நம்புங்கள் அம்மா. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்றால் ஆரஞ்சு. அதற்கு மேல் என்றால் சிவப்பு. இது மாவட்டம் முழுமைக்கும் பூசுகிற நிறம். நம் இடுக்கியிலோ ராஜமலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் நாளில் மறையூரில் துணி காயும். மறையூர் மழைமறைவுப் பகுதி, மலை மறைப்பதால் அங்கே மழை குறைவு. உங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற சரிவில் நேற்று எவ்வளவு பெய்தது என்பதை அந்த நிறம் சொல்லாது. அங்கே குடியிருப்பவர்கள்தான் அளக்க வேண்டும்.

அளப்பது கடினமில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான டப்பா ஒன்று, கூரையும் மரமும் மறைக்காத இடம், குழந்தையின் ஸ்கேல். எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறதோ அவ்வளவு மழை. காலை 8.30க்கு அளந்து, நோட்டில் எழுதி, கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் கணக்கை முடிக்கிறது. அடைமழை பிடித்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். நோட்டில் நான்கு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது முக்கியம். ஊறிப்போன மண் சரிவதற்குப் பெருமழை தேவையில்லை.

கல்பற்றாவில் உள்ள ஹியூம் என்ற சூழலியல் ஆய்வு மையம் வயநாடு முழுவதும் மழைமானிகளை வைத்து இந்த வேலையைச் செய்துவருகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் அந்த மாவட்டத்தின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்தன. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 572 மில்லிமீட்டர் பெய்திருந்தது. ஆபத்து இருக்கிறது என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு முதல் நாளே தெரிவித்தும் இருந்தது. கணக்கு கையில் இருந்தும் 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. கலெக்டர் ஆபீசுக்கு வந்து சேர்ந்த எச்சரிக்கை, இரவில் ஒவ்வொரு கதவையும் தட்டுகிற கையாக மாற வேண்டும். நம்முடைய திட்டங்கள் அறுந்துபோவது அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான். பெட்டிமுடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. நான்கு லயங்களை மண் வாரிக்கொண்டு போனது, மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. 70 பேர்.

கதவைத் தட்டினாலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. நான் வேலையில் இருந்தபோது ஒரு மழை இரவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு லயத்துக்குப் போனேன். ஒரு பாட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “முகாமுக்கு வந்தால் நாளைக் கூலி போய்விடும். ஆட்டை யார் பார்ப்பார்கள் தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. குட்டியை என் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். தாய் ஆடு கத்திக்கொண்டே பின்னால் வந்தது, அதன் பின்னால் பாட்டி வந்தார். முகாம் நடந்த பள்ளிக்கூடத்தில் ஆட்டுக்கு இடமில்லை என்றார்கள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் கட்டினோம். அதைப் பார்த்த பிறகு அந்த லயத்திலிருந்து இன்னும் நான்கு குடும்பங்கள் வந்தன.

ஆகவே, ஜூன் பிறக்கும் முன்பே உங்கள் வார்டில் தீர்மானிக்க வேண்டியவை இவை: டப்பாவில் எவ்வளவு சேர்ந்தால் கிளம்புவது, கதவு தட்டுவது யார், முகாமில் இருக்கும் நாளுக்குக் கூலி உண்டா, ஆடு மாட்டை எங்கே கட்டுவது. எவ்வளவு சேர்ந்தால் என்பது மலைக்கு மலை மாறும். அதை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் கேட்டு வாங்குங்கள். 1077-க்குப் போன் செய்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும்.

கேள்வி: இறந்த பிறகு 4 லட்சம் தருகிறார்கள். இருக்கும்போது ஒரு தடுப்புச் சுவர் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். இது என்ன நியாயம்?
– வாசகர், பீருமேடு

பதில்: உங்கள் கோபம் சரியானது. ஆனால் ‘நிதி இல்லை’ என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 2021 முதல் 2026 வரைக்கும் 15-வது நிதிக்குழு வகுத்த கணக்கில், மாநிலப் பேரிடர் நிதியின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 20 ரூபாய் ஆபத்தை முன்கூட்டிக் குறைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மீதி 80-லும் 10 ரூபாய் முன்தயாரிப்புக்கு. 2015-ல் ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கையும் இதுதான்: நிவாரணத்துக்கு முன்னால் ஆபத்துக் குறைப்பு. கேரளத்தில் 2020-ல் ‘நம்மள் நமுக்காயி’ (நமக்காக நாம்) என்ற இயக்கத்தின் மூலம் உள்ளாட்சிகள் தங்களுக்கான பேரிடர் திட்டங்களை எழுதின. உங்கள் பஞ்சாயத்தின் திட்டத்தை வாங்கி, உங்கள் சரிவின் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எஸ்டேட் நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. லயம் எஸ்டேட்டுடையது என்று பஞ்சாயத்து ஒதுங்கும், மழை அரசாங்கத்தின் விஷயம் என்று எஸ்டேட் ஒதுங்கும். தொழிலாளிக்கு வீடு தருவது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே எஸ்டேட்டின் கடமை. 2005-ம் ஆண்டுப் பேரிடர் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் கலெக்டர். எனவே ஒரே மனுவை மூன்று இடத்துக்கும் அனுப்பி, மூன்றுக்கும் ரசீது வாங்குங்கள். கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது கேரளச் சட்டம். அங்கே எழுந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மலையாளம் எழுத வரவில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுதுங்கள். குறையைச் சொல்லும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு உரிமை தருகிறது.

கேள்வி: மலை சரிவதற்கு முன்னால் அடையாளம் ஏதாவது தெரியுமா?
– பிளஸ் டூ மாணவி, வண்டிப்பெரியாறு

பதில்: பல சமயம் தெரியும் மகளே, எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாது. நேராக நின்ற மின்கம்பமோ மரமோ சாய்வது, முற்றத்தில் புது வெடிப்பு, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பின்கதவு மூன்று நாளாக அடைபடவில்லை. மழையில் மரம் உப்பிவிட்டது என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தார்கள். மறுநாள் திரும்பவும் இடித்தது. நிலைச்சட்டமே கோணியிருந்தது, அடியில் நிலம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் கிளம்பிய இரண்டாம் நாள் சமையலறை கீழே போனது.

ஓடையில் மட்டும் கூடுதல் கவனம் வை. கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால் மேலே எங்கோ மண்ணும் மரமும் அடைத்து நிற்கலாம். அந்த அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாதே. ஓடையை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டில் ஏறு. பகலில் ஒருமுறை தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த வழியில் நடந்து பார்த்து வை.