புழுவுக்கு ஏன் தடுப்பூசி இல்லை?

வணக்கம் சார்,

எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். ஆறு மாதத்தில் அதே பிள்ளைகளுக்கு மறுபடியும் புழு. தட்டம்மை ஒருமுறை வந்துபோனால் பிறகு வருவதில்லையே, புழுவுக்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகாதா? உண்டாகும் என்றால் ஒரு தடுப்பூசி போட்டு முடித்துவிடலாமே?

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை, தேனி

அன்புள்ள டீச்சர்,

உண்டாகிறது, தாராளமாகவே. ஆனால் கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம். வைரஸை மடக்குவதுபோல் அதை மடக்க முடியாது, எந்த வெள்ளணுவும் அதை விழுங்கவும் முடியாது. அதனால் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இளம்புழுவின் மேல் படிய, ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து ஒட்டி நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருந்தால் டாக்டர் பூச்சியைச் சந்தேகிப்பது இதனால்தான்.

இதே ஐஜிஇதான் அலர்ஜிக்கும் காரணம். சிக்கல் அங்கேதான். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் கொக்கிப்புழுவின் ஒரு புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். புழுவையே அறியாத அமெரிக்கர்களுக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஏற்கெனவே புழு வந்துபோன பிரேசில்காரர்களில் சிலருக்கோ ஊசி போட்ட உடனே உடம்பெல்லாம் காணாக்கடி. அந்தப் புரதத்துக்கான ஐஜிஇ அவர்கள் ரத்தத்தில் முன்பே காத்திருந்தது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். யாருக்குத் தடுப்பூசி தேவையோ அவர்களுக்கே அது ஆகாது என்றால் என்ன செய்வது!

ஆட்டுக்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஒரு புழுவுக்கு 2014இல் ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி வந்தது. புழுவின் குடலுக்குள் இருக்கும் புரதம்தான் மருந்து. ஆட்டின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் புழு தானே குடிக்கிறது, குடல் கெட்டுச் சாகிறது. ஆனால் அந்தப் புரதம் ஆட்டின் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் இயல்பாகப் படுவதே இல்லை. அதனால் எதிர்ப்புச் சீக்கிரம் குறைந்துவிடும். முதல் ஊசிகளுக்குப் பிறகும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். மனிதக் கொக்கிப்புழுவுக்கும் இந்த வழியில் முயல்கிறார்கள், இன்னும் சோதனை நிலைதான்.

இனி உங்கள் பிள்ளைகளுக்கு வருவோம். அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை குடலில் இருப்பதைக் கொல்லும், அடுத்து வருவதைத் தடுக்காது. ஆப்பிரிக்காவின் ரத்தப்புழு நோயில் வயது ஏற ஏற ஐஜிஇ கூடி, மறுதொற்று குறைகிறது. 1991இல் காம்பியாவில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. கொக்கிப்புழுவில் அந்த ஆறுதலும் இல்லை. பல ஊர்களில் பெரியவர்களிடம்தான் அது அதிகம். பள்ளியில் மட்டும் மாத்திரை கொடுத்தால், திறந்தவெளியில் மலம் கழிக்கும் பெரியவர்களிடமிருந்து முட்டை மறுபடி மண்ணுக்கு வரும், அதிலிருந்து பொரியும் இளம்புழு பிள்ளைகளின் வெறுங்காலில் ஏறும். இதற்காகத்தான் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் ஆய்வு நடந்தது. உங்கள் ஊரில் எந்தப் புழு அதிகம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உருண்டைப்புழு என்றால் முட்டை வாய்வழியாகப் போகிறது, அதனால் காலைவிடக் கையைத்தான் கவனிக்க வேண்டும்.