கடையில் உட்காருகிறவன் வேலையில் இருக்கிறானா?

கேள்வி: என் மகன் பி.இ. முடித்து 2 வருடம் ஆகிறது. எத்தனையோ இன்டர்வியூ போயும் வேலை அமையவில்லை, அவ்வப்போது எங்கள் மளிகைக் கடையில் உட்காருகிறான். நாட்டில் வேலையில்லாதவர்கள் வெறும் 3.2 சதவீதம் என்று பேப்பரில் படித்தேன். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: பூவெல்லாம் இல்லை அம்மா. அந்தக் கணக்குப்படி உங்கள் மகன் வேலையில் இருக்கிறான், அவ்வளவுதான்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலிலிருந்து நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24க்கு, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வந்த எண் அது. கடந்த 365 நாளில் என்ன செய்தான் என்று கேட்பார்கள். வருடம் பூராவும் வேலை தேடி அலைந்திருந்தாலும், நடுவில் ஒரு 30 நாள் கடையில் சர்க்கரை நிறுத்துப் பொட்டலம் கட்டியிருந்தால் போதும், வேலையில் இருப்பவர் கணக்கில் போய்விடுவான். அப்பா ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் சரி, குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவுகிறவர் என்று அதற்குத் தனி வகையே உண்டு.

கடந்த 7 நாளை மட்டும் பார்க்கும் இன்னொரு அளவும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது. அதில் வேலையின்மை 4.9 சதவீதம். அங்கேயும் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் உழைத்திருந்தால் வேலையில் இருப்பவர்தான். இந்த 1 மணி நேரம் நம் ஆட்கள் கண்டுபிடித்ததில்லை, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் விதியே அப்படித்தான்.

எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் தலைப்பில் போடுவது அரைகுறை வேலை. அமெரிக்காவில் முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்களையும், வேலை வேண்டும் ஆனால் தேடுவதை விட்டுவிட்டவர்களையும் சேர்த்து 'யு-6' என்று ஓர் எண்ணை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், அங்கே வழக்கமான எண் 15ஐ நெருங்கியபோது இது 23ஐ ஒட்டி நின்றது. இடையில் இருக்கும் அந்த 8 சதவீதத்தில்தான் உங்கள் மகன் மாதிரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் படிவத்திலும் தினம் எத்தனை மணி நேரம் உழைத்தான், கூடுதல் வேலைக்குத் தயாரா என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தால் 'கடையில் இருக்கிறான்' என்பதோடு நிறுத்தாமல் அதற்கும் விவரமாகப் பதில் சொல்லுங்கள்.