மழையில் நிற்கும் டயர்: வாகன வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2021-இல் வாங்கிய ஹூண்டாய் ஐ20 என் லைன் டர்போ வைத்திருக்கிறேன். 41,000 கி.மீ. ஓடிவிட்டது. காருடன் வந்த டயர்களில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்து, மழையில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. வார நாள்களில் அவிநாசி சாலை நெரிசல், மாதம் இரண்டு முறை மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி, எப்போதாவது சேலம் நெடுஞ்சாலை என்பதுதான் என் ஓட்டம். அகலத்தை 205 ஆக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். 17 அங்குல அலாய் சக்கரம் போடச் சொல்கிறார் இன்னொருவர். டயர்க் கடைக்காரரோ, பந்தயக்காரர்கள் விரும்பும் ‘200 ட்ரெட்வேர்’ இறக்குமதி டயர் நான்கு கைவசம் இருப்பதாக ஆசை காட்டுகிறார். எதை எடுப்பது? – இரா.கு., கோயம்புத்தூர்

பதில்: மூவருமே உங்கள் காரை வெயிலில் காய்ந்த சாலையில் நிறுத்திப் பார்த்துத்தான் யோசனை சொல்லியிருக்கிறார்கள். நீங்களோ மழையில் வழுக்குகிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஈரச் சாலையையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மூன்று யோசனைகளையும் பார்ப்போம்.

முதலில் 205. உங்கள் காரில் இப்போது இருப்பது 195/55 ஆர் 16. இதில் 195 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 107 மி.மீ.; 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிக் கணக்கிட்டால் டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ. வரும். நண்பர் சொல்லும் 205/55 ஆர் 16 டயரின் விட்டம் 632 மி.மீ.; ஏறத்தாழ 1.8 சதவீதம் கூடுதல். உங்கள் ரிம்மில் அது உட்காரும், வேகமானி காட்டும் அளவிலும் பெரிய பிழை வராது. ஆனால் சக்கரம் பெரிதாகும்போது கியர் விகிதம் சற்றே நீண்டுவிடுவதால், 998 சி.சி. டர்போ எஞ்சின் கீழ் வேகத்தில் காட்டும் துடிப்பு ஒரு துளி மங்கும். வண்டி நிறைய ஆளும் மூட்டையும் ஏற்றி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தால், டயர் எங்கேனும் உரசுகிறதா என்பதும் தெரியும்.

அகலம் கூடினால் பிடிப்பும் அதே அளவில் கூடும் என்ற எண்ணம்தான் இங்கே பெரிய சிக்கல். சாலையைத் தொடும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது சக்கரத்தின் மேல் இறங்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். அவை மாறாதபோது அகலமான டயர் தரையில் பதியும் தடம் அகலமாகவும் குட்டையாகவும் ஆகிறதே தவிர, பெரிதாக விரிந்துவிடுவதில்லை. காய்ந்த வளைவில் அந்த வடிவம் கொஞ்சம் உதவும். தேங்கிய நீரின்மேல் ஓடும்போது அதே அகலம் எதிராகத் திரும்பும், ஏனெனில் டயர் ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீரின் அளவு கூடிவிடுகிறது.

நீரின்மேல் டயர் மிதப்பதைப் பற்றி, 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஒரு எளிய கணக்கு வகுத்தார்கள். அதன்படி பட்டன் தேய்ந்து மொட்டையான டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், நீர் தேங்கிய பரப்பில் மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. வேகத்தில் அது தரையை விட்டு எழும்பத் தொடங்கும். சேலம் நெடுஞ்சாலையில் மழை நாளிலும் பலர் சாதாரணமாக ஓட்டும் வேகம் அது. காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும். நல்ல பள்ளமுள்ள புதிய பட்டன் தண்ணீரை வெளியேற்றி அந்த எல்லையைத் தள்ளிப்போடுகிறது.

கோத்தகிரிச் சாலையில் கதை வேறு. கொண்டை ஊசி வளைவில் நீங்கள் 30, 40 கி.மீ. வேகத்தில்தான் போவீர்கள், அங்கே டயர் மிதப்பதில்லை. ஈரத் தாரின்மேல் ரப்பர் எவ்வளவு ஒட்டுகிறது என்பதே அங்கு கேள்வி. ஐப்பசி மழையில் தேயிலைத் தோட்டத்துச் செம்மண் கரைந்து வளைவின் உள்விளிம்பில் படிந்திருக்கும்போது, ஒரு டயர் எதனால் செய்யப்பட்டது என்பது கால் பிரேக்கில் பட்டவுடனே தெரிந்துவிடும். ரப்பர்க் கலவையில் சிலிக்கா சேர்ந்தால் ஈரப் பிடிப்பும் குறையாமல் உருளும்போது ஏற்படும் இழப்பும் குறைவாக இருக்கும். மிஷலின் 1992-இல் இந்த முறையில் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இதை அகலத்தால் ஈடுகட்ட முடியாது.

17 அங்குல யோசனைக்கு என் பதில் சுருக்கமானது: வேண்டாம். 215/45 ஆர் 17 போட்டால் மொத்த விட்டம் 625 மி.மீ. என்று கணக்கு அழகாகவே பொருந்தும். ஆனால் பக்கச்சுவர் 97 மி.மீ. ஆகக் குறைகிறது, சக்கரத்தின் எடை கூடுகிறது, வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை ஒன்றில் இருட்டில் இறங்கினால் வளைந்த ரிம்மோடு கடைக்குப் போக நேரிடும். தயாரிப்பாளர் குறிப்பிடாத ரிம் அளவு விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரின் கேள்விகளுக்கும் வாய்ப்புத் தரும். படம் எடுத்துப் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

மூன்றாவது, அந்த ‘200’. ட்ரெட்வேர் என்பது அமெரிக்க அரசு வகுத்த தேய்மான எண். 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரைப் போல இரு மடங்கு உழைப்பது 200, நான்கு மடங்கு உழைப்பது 400 என்பது அதன் பொருள். எண்ணை இடுபவர் தயாரிப்பாளரே என்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட அது ஓரளவு உதவும். வேறு வேறு நிறுவனங்களுக்கு இடையே நம்பி ஒப்பிட முடியாது. அமெரிக்காவின் பொழுதுபோக்குப் பந்தயங்களில் சாதாரணக் கார்களுக்கான பிரிவில், 200-க்குக் குறையாத டயர் வேண்டும் என்று விதி வைத்தார்கள். உடனே பந்தயக் குணம் கொண்ட டயர்களைச் செய்து அவற்றில் 200 என்று அச்சிடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அவற்றில் பல சூடேறினால்தான் முழுப் பிடிப்பைத் தரும், நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு, இரைச்சல் அதிகம், ஆயுள் குறைவு. செட்டிப்பாளையம் கரி பந்தயத் தளத்துக்கு மாதம் ஒருமுறை போகிறவர் என்றால் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன்.

இறக்குமதி என்ற சொல்லிலும் ஒரு கவனம் தேவை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது முதல், சில அளவுகள் விட்டு விட்டுத்தான் கிடைக்கின்றன. அவர் காட்டும் நான்கு டயரிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, நான்கும் ஒரே காலத்தில் செய்தவையா என்று நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆக, என் பரிந்துரை அதே 195/55 ஆர் 16 அளவு, எடைக் குறியீடு 87-க்குக் குறையாமல், வேகக் குறியீடு வி. எடைக் குறியீடு 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும்; வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. ட்ரெட்வேர் 300-ஐ ஒட்டியும், அதன் அருகே அச்சிட்டிருக்கும் ஈரப் பிடிப்புக் குறியீடு ஏ அல்லது ஏஏ ஆகவும் இருந்தால் உங்கள் ஓட்டத்துக்கு அது சரியான நடுவழி. பைலட் ஸ்போர்ட், பொடென்சா, அட்வான் என்பவை முறையே மிஷலின், பிரிட்ஜ்ஸ்டோன், யோகோஹாமா நிறுவனங்களின் வேக ஓட்டக் குடும்பங்கள். பிரைமசி, டுரான்சா, புளூஎர்த் என்பவை சொகுசுக் குடும்பங்கள். முதல் வகையில் உங்கள் அளவு கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால், ஸ்போர்ட் என்ற பெயருக்காக அளவை மாற்றுவதைவிட, சரியான அளவில் ஈரப் பிடிப்பு நன்றாக உள்ள சொகுசு டயரை எடுப்பதே மேல் என்பேன். ஸ்டியரிங் திருப்பிய கணத்தில் கிடைக்கும் கூர்மை சற்றுக் குறையும். மழையில் கார் நிற்கும் தூரம் அதிகமாகாது.

பட்டியலில் ‘சம்மர் டயர்’ என்று கண்டு, மழைக்கு ஆகாதோ என்று தயங்க வேண்டாம். குளிர் ஏழு டிகிரிக்கும் கீழே போகும் நாடுகளுக்கான பனிக்கால டயரிலிருந்து பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. உதகையின் மார்கழி இரவுகளை விட்டால், நம் ஊர் முழுவதும் அந்தக் கணக்கில் நிரந்தரக் கோடைதான்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சென்ற ஆண்டு என் காருக்கு நான்கு டயர் மாற்றிவிட்டு, அலைன்மென்ட் சீட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை வண்டியைத் துடைக்கும்போது பார்த்தால், இடது பின்சக்கரத்தில் மட்டும் ‘இன்சைட்’ என்று அச்சிட்ட பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரு பாதியிலும் வேறு வேறு பட்டன் அமைப்புள்ள டயரில் ‘அவுட்சைட்’ என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும். தவறினால் வளைவில் பலம் தரும் பெரிய கட்டைகள் உள்ளே போய்விடும். திரும்பக் கொண்டுபோய்க் கழற்றி மாட்டினேன். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வருகிறதா என்றும் பாருங்கள். டயரின் எடை குறைந்த இடம் அது என்பதால், பேலன்சிங் எடை குறைவாகவே தேவைப்படும். முதல் 300 கி.மீ. வரை வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும். அதுவரை கோத்தகிரியை ஒத்திப்போடுங்கள்.

கேள்வி: என் ஸ்விஃப்டில் முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, பின்பக்கம் பாதி பட்டன் இருக்கிறது. இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா? – ச.மு., சென்னை

பதில்: இரண்டு வாங்குவது சரி, முன்னால் போடுவதுதான் தவறு. எஞ்சின், ஸ்டியரிங், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால் இருப்பதால் நல்ல டயரும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாவதை உங்கள் கையே உணர்ந்துவிடும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின்சக்கரம் வழுக்கினால் முன்னறிவிப்பு எதுவும் கிடைக்காது. வண்டியின் வால் முந்திக்கொண்டு சுழலும். அதை அடக்கும் பயிற்சி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆகவே புதியவற்றைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்த பாதி பட்டன் டயர்களை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். புதிய டயரில் பட்டன் பள்ளம் சுமார் 8 மி.மீ. இருக்கும், சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மி.மீ.; மழைக்கு என் சொந்த எல்லை 3 மி.மீ. இனிமேல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றி ஓட்டினால் நான்கும் ஒன்றாகத் தேயும்.

கேள்வி: நைட்ரஜன் அடைத்தால் மைலேஜ் கூடுமா? – ந.வே., திருநெல்வேலி

பதில்: நாம் சாதாரணமாக அடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் சற்று மெதுவாக இறங்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. இலவசமாகக் கிடைத்தால் அடையுங்கள். காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: 1822 என்று எண் உள்ள டயரை நல்ல தள்ளுபடியில் தருகிறார்கள். புதிது, ஓடாதது. வாங்கலாமா? – பா.ஜெ., மதுரை

பதில்: பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் அந்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. உங்கள் டயர் 2022-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில், அதாவது மே மாதத் தொடக்கத்தில் செய்யப்பட்டது. வெயில் படாத கிடங்கில் நின்றவாக்கில் அடுக்கி வைத்திருந்தால் ஓடாத டயர் அவ்வளவு விரைவாகக் கெட்டுவிடாது. கடை வாசலில் விளம்பரம் போல நிறுத்தி வைத்த டயர் என்றால், ஓடாவிட்டாலும் கிழடுதான். பட்டன் பள்ளத்தின் அடியிலும் பக்கச்சுவரிலும் முடியளவு வெடிப்பு இருக்கிறதா என்று கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். விரல் நகத்தால் அழுத்தி ரப்பர் இன்னும் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டிலும் தேறினால்கூட, வேகமாக ஓட்டுவதற்காகவே வாங்கும் டயர் என்றால் நான் அந்தத் தள்ளுபடியை விட்டுவிடுவேன், ஏனெனில் மென்மையான ரப்பருக்காகத்தான் அங்கே கூடுதல் விலை கொடுக்கிறோம், வயதாகும்போது முதலில் இறுகுவதும் அந்த மென்மைதான். ஸ்டெப்னிக்கு என்றால் வாங்கலாம்.