வாசகர் கேள்வி: நிலாவெளி வீதியில் தொடர்மாடி

கேள்வி: திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் உள்ள எங்கள் வளவில் தொடர்மாடி கட்ட ஒருவர் கேட்கிறார். எங்களுக்கு இரண்டு வீடு தருவாராம். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மகன், "குடுங்கோ அம்மா, இங்க கொண்டோவிலதானே சனம் இருக்குது" என்கிறான். தெருவின் கலகலப்புப் போய்விடுமோ என்று எனக்கு மனம் ஒப்பவில்லை.
- வாசகி, உப்புவெளி

பதில்: கொடுக்கலாம் அம்மா. ஆனால் கையெழுத்து வைக்க முன்னம் வரைபடத்தை விரித்து, நிலத்தளத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். எனக்கு உயரத்தில் கோபமில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கைகளில் பல கட்டடங்களுக்குக் கீழ்த்தளம் முழுக்க வாகனத் தரிப்பிடம், இரும்புக் கேற், காவலாளியின் கதிரை. அயலவரை லிப்டில்தான் காணலாம். அப்படியிருந்தும் அந்த இடம் உயிரோடு இருக்கிறதென்றால், ஒழுங்கை முனையில் காலி வீதி இருக்கிறது. 100, 101ஆம் இலக்க பஸ்கள், மரக்கறிக் கடை, பூக்கடை, மறுபக்கம் கரையோர ரயில். சனம் நடந்துதான் ஆகவேண்டும்.

நிலாவெளி வீதியைப் பின்னேரத்தில் பாருங்கள். ரியூசன் விட்ட பிள்ளைகள் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு இறால் வடை வாங்குகிறார்கள், கடதாசியில் எண்ணெய் ஊற ஊற அங்கேயே நின்று தின்கிறார்கள். மீன்காரர் பெட்டிக்கு மேல் பலகை வைத்துப் பாரை வெட்டுகிறார். குச்சவெளி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவரிடம் விலை பேசுகிறார்கள். அந்த இடத்தில் நீளத்துக்கு வெறும் மதிலும் கார் கேற்றும் வந்தால் இவர்கள் எங்கே நிற்பது? வீதியைப் பார்த்தபடி இரண்டு சின்னக் கடை, நிழல் விழும்படி ஒரு தாழ்வாரம், பஸ்ஸுக்கு நிற்க நாலடி உள்தள்ளல். இதைக் கேட்டு வாங்குங்கள்.

மகனிடம் ஸ்காபரோ ரயிலைப் பற்றியும் கேளுங்கள். 1985இல் தொடங்கியது, 2023 யூலையில் கடைசிப் பெட்டி தடம்புரண்டதோடு நின்றது, பிறகு ஓடவேயில்லை. அதை நம்பி வீடு வாங்கியவர்களுக்குப் பனியிலும் பஸ்தான். எங்களுக்கோ ரயில் பாதை திருகோணமலைப் பட்டினத்தோடு முடிகிறது. வடக்கே பஸ்ஸை விட்டால் வேறு நாதியில்லை. வீட்டுக்கொரு கார் என்று கட்டினால் அந்த ஒற்றை வீதி தாங்காது.

தண்ணீரும் முக்கியம். கடற்கரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல்தான் நிற்கிறது. கனக்க இறைத்தால் உங்கள் அயல் கிணறுகளும் உவர்க்கும். குழாய்நீர் இணைப்பை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி உறுதிப்பத்திரம் வருமா என்று நொத்தாரிசிடம் விசாரியுங்கள்.

இவ்வளவுக்கும் அவர் மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தப் பக்கக் காணிக்குக் கேட்டு வருபவர்கள் குறைவில்லை.