புதுச்சேரி சட்டமன்றம் எதுவரை சட்டம் போடலாம்?

சட்டமியற்றும் அதிகாரம் என்பது எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதிகளை உருவாக்கும் உரிமை. அதைத் தருவதும் அளவு போடுவதும் அரசியலமைப்புதான்.

கடலூரிலிருந்து வரும் பேருந்து புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டியதும் அந்த அளவு மாறிவிடும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை அரசியலமைப்பே நேரடியாக அமைத்தது. மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்கள் சட்டம் போட அரசியலமைப்பு ஒதுக்கிய விஷயங்களில், நாடாளுமன்றம் சாதாரணமாகத் தலையிட முடியாது. புதுச்சேரி மாநிலமல்ல, ஒன்றியப் பிரதேசம்; அதன் சட்டமன்றத்தை அமைத்ததோ நாடாளுமன்றம் 1963இல் போட்ட சட்டம். அதனால் அதே பட்டியலில் நாடாளுமன்றமும் புதுச்சேரி சட்டமன்றமும் சட்டம் போடலாம்; மோதினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். சொந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கும் வாடகை வீட்டில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. (புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த உவமை கசக்கும், தெரியும்.)

அப்புறம், மாநில அந்தஸ்து கேட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டால் மாநிலமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தீர்மானம் வெறும் கோரிக்கை. புது மாநிலத்தை நாடாளுமன்றச் சட்டத்தால்தான் உருவாக்க முடியும்.