லைன் கட்டானது உங்கள் தப்பில்லை

கேள்வி: அண்ணே, 1998-இல் எங்கள் பட்டணத்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைபர் கஃபே இருந்தது. சனிக்கிழமையானால் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து, எழுத்தில் அரட்டை அடிக்கும் ஐஆர்சி சேட்டில் உட்காருவேன். ஒருநாள் அங்கே ஒரு சேனலில், அதாவது அரட்டை அறையில், ஒருத்தனோடு வாய்த்தகராறு. "பார்த்துக்கிட்டே இரு" என்று எழுதினான். அடுத்த நொடி என் திரை முழுக்க நீலம். நான்தான் எதையோ தட்டிக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லி முதலாளி அதற்குப் பிறகு என்னை உள்ளேயே விடவில்லை. அது என் தப்பா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது வின்நியூக் மாதிரி ஏதோ ஒன்றின் வேலை. 1997 மே மாதம் வெளியில் வந்த சின்ன புரோகிராம் அது. ஒரு கட்டம், ஒரு பட்டன், அவ்வளவுதான். கட்டத்தில் உங்கள் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் உங்கள் கணினியின் முகவரியை, போட்டுத் தட்டினால், அந்தக் கணினியின் 139-ஆம் போர்ட் என்ற வாசலுக்கு "இது அவசரம்" என்று முத்திரை குத்திய ஒரு துண்டுத் தகவல் போய்ச் சேரும். விண்டோஸ் 95-க்கு அந்த இடத்தில் அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வதென்று தெரியாது, திகைத்துப்போய் நீலத் திரையைக் காட்டிவிடும். ஐபி எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அப்போதெல்லாம் ஐஆர்சியில் ஒருவர் பெயரைப் போட்டு 'ஹூஈஸ்' என்று கேட்டாலே எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு ஊரோடு சண்டை போட்ட மாதிரிதான்.

கணினியை அணைத்து மறுபடி திறந்திருந்தால் சரியாகியிருக்கும், உள்ளே சேமித்து வைத்திருந்த எதுவும் அழிந்திருக்காது. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டை (பேட்ச்) 1997-லேயே கொடுத்துவிட்டது. 1998-இலும் அதைப் போடாமல் வைத்திருந்தது முதலாளி, தடை மட்டும் உங்களுக்கு!

கேள்வி: அப்போது எங்கள் வீட்டில் போன் கம்பியில் மோடம் போட்டுத்தான் இன்டர்நெட். சேட்டில் யாரிடமாவது நான் கொஞ்சம் சூடாகப் பேசினால் போதும், லைன் கட்டாகிவிடும். மழை பெய்கிறது, கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்பார் அப்பா. வெயில் நாளிலும் அதே கதைதான். ஏன் அண்ணே?
- வாசகி, பீடோர்

பதில்: தங்கச்சி, அந்தக் காலத்துச் சேட்டைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மோடத்துக்கு நாம் கட்டளை கொடுக்க ஒரு வழி உண்டு: மூன்று பிளஸ் குறி போட்டால் அது பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும், பிறகு ஏடிஹெச்0 என்றால் போனை வைத்துவிடும். ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்தில் அந்தப் பிளஸ்களுக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி மௌனம் இருந்தால்தான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு விநாடிக்கு ஹேய்ஸ் காப்புரிமை வாங்கி வைத்திருந்ததால், அதற்குக் காசு கட்ட மனமில்லாத சில நிறுவனங்கள் மௌனத்தையே விட்டுவிட்டு மலிவு மோடம் செய்து விற்றன.

அப்புறம் என்ன, எதிரி உங்களுக்கு ஒரு 'பிங்', அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்கும் தகவல், அனுப்புவான், அதற்குள் அந்தப் பிளஸ்களும் ஏடிஹெச்0-வும் இருக்கும். பிங் வந்தால் அதில் இருப்பதை அப்படியே திருப்பி அனுப்புவது கணினியின் வழக்கம். உங்கள் கணினி மரியாதையாகப் பதில் சொல்லப் போகும், அந்தப் பதில் உங்கள் மோடம் வழியாகத்தானே வெளியே போக வேண்டும், உங்கள் மோடமோ அதை உங்கள் உத்தரவு என்று நினைத்து போனை வைத்துவிடும். அவன் உங்கள் லைனைத் தொடவே இல்லை, நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். மோடம் அமைப்பில் எஸ்2=255 என்று ஒரு வரி சேர்த்து அந்தப் பிளஸ் வழியையே அடைத்திருந்தால் இது நடந்திருக்காது. பாவம், மழை.

நானும் யோக்கியன் இல்லை. கோலகங்சாரில் இருந்த என் வகுப்புத் தோழனுக்கு ஒருநாள் ராத்திரி இதை அனுப்பினேன். பெயர் உடனே மறையவில்லை, இரண்டு மூன்று நிமிஷம் சிலை மாதிரி நின்றது, பிறகுதான் 'பிங் டைம்அவுட்' (ஆளிடமிருந்து பதில் இல்லை) என்று விழுந்தது. மறுநாள் கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே "எங்க வீட்டு போன் சரியில்லைடா" என்றான். நான் சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை சொல்லவில்லை, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: அந்தக் காலத்து யாகூ மெசஞ்சர் சேட்டில் 'பூட்டர்' என்ற புரோகிராம் வைத்து ஆளை வெளியே தூக்கி எறிவார்களே, இந்த விளையாட்டைத் தொடங்கியதே யாகூ பையன்கள்தானா?
- வாசகர், கோல கெட்டில்

பதில்: இல்லை. 1990-களின் நடுவிலேயே அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவைக்கு எதிராக ஏஓஹெல் என்று ஒரு புரோகிராம் வந்துவிட்டது, எழுதியது பதின்ம வயதுப் பையன். மெசேஜாகக் கொட்டி ஆளைத் திணறடிப்பது அதில் ஒரு பட்டன். இன்னொரு பட்டன், ஏஓஎல் ஊழியர் மாதிரி நடித்துக் கடவுச்சொல் கேட்கும். இன்று நம் வங்கிகள் எச்சரிக்கிற 'ஃபிஷிங்' அப்போதே பட்டனாக இருந்தது.

யாகூ பூட்டர்களில் வேறொரு கூத்து. இலவசமாக இறக்கிய பூட்டருக்குள்ளேயே ட்ரோஜன், அதாவது வேறு வேஷத்தில் வரும் திருட்டுப் புரோகிராம், ஒளிந்திருப்பது சகஜம். அடுத்தவனைத் தூக்கப் போனவன் கணினி மூன்றாவது ஆளின் கைக்குப் போய்விடும். 1998-இல் வந்த நெட்பஸ் என்ற புரோகிராம் இப்படி உள்ளே புகுந்தால், அதை ஏவியவன் தூரத்திலிருந்தே சீடி தட்டைத் திறந்து மூட வைப்பான். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் அப்படி நடந்து, கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து மானிட்டர்மேல் வைத்தார்கள்.

கேள்வி: வாட்சாப்பில் ஒரே ஒரு எழுத்து அனுப்பி போனை நிறுத்த முடியும் என்கிறான் என் மகன். புளுகுதானே?
- வாசகி, பாடாங் செராய்

பதில்: புளுகு இல்லை அக்கா. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்து ஐபோன்களைப் படுத்தியது. தெலுங்கில் 'ஞானம்' என்று எழுதினால் முதலில் வருமே, கிட்டத்தட்ட அதே எழுத்துக்கூட்டு. அதைத் திரையில் வரையப் போய் வாட்சாப் உட்படப் பல செயலிகள் நின்றுவிட்டன. ஆப்பிள் அதே மாதம் ஐபோன் மென்பொருளின் 11.2.6 பதிப்பில் சரிசெய்தது. போன் அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள். அப்புறம், மகனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று மெதுவாக விசாரியுங்கள்.